ஃபிளாட்டில் செட்டிநாட்டுச் சாயல்: பழைய பாணிப் பொருள்களைத் தேர்ந்தெடுக்க, வைக்க, பேண ஒரு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் போய் நாலு பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கும் கை பரபரக்கும். திரும்பும்போதே ஒரு பித்தளை அண்டா, ஒரு மரக்குதிரை, வர்ணம் உதிர்ந்த தூண் என்று வண்டியில் ஏறிவிடும். அண்டாவை எங்கே வைப்பது என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். கடைசியில் அது டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைச் சுமக்கும்.

800 முதல் 1200 சதுர அடி வரையுள்ள ஃபிளாட்டில் இருந்துகொண்டு, வீட்டுக்குச் செட்டிநாட்டுச் சாயல் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊஞ்சலையும் தரைக்கல் பதிப்பதையும் தவிர மற்றதெல்லாம் வாடகை வீட்டுக்கும் பொருந்தும்.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் பெரிய வீடுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலாயா என்று போய்த் தொழில் செய்து சேர்த்த பணம் அவற்றில் இறங்கியது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, ஆளுயரக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, எனாமல் பாத்திரம் ஸ்வீடன் போன்ற நாடுகளிலிருந்து. கண்ணாடியும் சரவிளக்கும் வசதியைக் காட்டத்தான். மற்றபடி அந்த வீட்டுப் பொருள்களுக்கெல்லாம் ஒரு வேலை இருந்தது. அண்டா கல்யாணச் சமையலுக்கு, கூஜா ரயில் பயணத்துக்கு, படியும் உழக்கும் நெல், அரிசி அளக்க, பத்தமடைப் பாய் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார. ஆகவே எதை வாங்கும் முன்பும், "இது நம் வீட்டில் என்ன வேலை செய்யும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையா, எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். என் பார்வையில் இதுதான் பெரிய விதி.

முதல் படி: வெளிச்சத்தை மாற்றுங்கள்

ஒரு பொருளும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. 6500 கெல்வின் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் பித்தளை சாம்பல் பூத்த மாதிரி தெரியும், தேக்கு உயிரில்லாமல் கிடக்கும். பல்பு அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின், 'வார்ம் ஒயிட்' என்று போட்டதை வாங்கி மாட்டுங்கள். கூரை நடுவே ஒற்றை விளக்காகப் போடாமல் மேசை மேல் ஒன்று, மூலையில் ஒன்று, படத்துக்கு மேலே ஒன்று என்று பிரித்துப் போட்டால் நல்லது. படிக்கிற இடத்துக்கும் சமையல் மேடைக்கும் மட்டும் வெள்ளை விளக்கு இருக்கட்டும்.

பழைய லாந்தர், கண்ணாடிக் குண்டு விளக்கு எல்லாம் கிடைக்கின்றன. பழையது வாங்கினால் உள்ளே இருக்கும் ஒயரையும் ஹோல்டரையும் முழுக்க மாற்றிவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். துணி சுற்றிய பழைய ஒயர் பார்க்க அழகுதான், நம்பக் கூடாது. பீங்கான் சுவிட்சும் அப்படித்தான். அதே தோற்றத்தில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை, அல்லது கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை போதும். தரைதான் சிக்கல். பெரும்பாலான ஃபிளாட்டுகளில் பளிச்சென்ற விட்ரிஃபைடு டைல் இருக்கும். அதைப் பெயர்க்க வேண்டாம், பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பருத்தியில் கெட்டியாக நெய்த பட்டைக்கோட்டு ஜமக்காளத்தைக் கேளுங்கள். ஓரம் பிரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

சொந்த வீட்டில் மராமத்து செய்பவர்கள் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி யோசிக்கலாம். அது சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கண்ணாடியை எடுத்தால் அடியில் இருந்த பக்கம் தானாகவே பளபளவென்று இருக்கும். கையால் செய்வதால் கல்லுக்குக் கல் நிறம் கொஞ்சம் மாறும். அதனால் மொத்தத் தேவையையும் ஒரே தடவையில் வாங்கி, உடைசலுக்கென்று பத்துக்கு ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் முழுக்கப் போடாமல் பூஜையறையிலோ பால்கனியிலோ போட்டால் செலவும் அடங்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் நாலு கல்லை மரச்சட்டத்தில் பதித்துச் சின்ன மேசைப் பலகையாக ஆக்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: பரணில் ஏறுங்கள்

கடைக்குப் போகும் முன் அப்பா வீட்டுப் பரண், மாமியார் வீட்டுப் பரண், ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரியப்பா வீடு எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். போகிக்கு முன்னால் கேட்டு வைப்பது புத்திசாலித்தனம். தை பிறந்த பிறகு கேட்டால் "பழைய பித்தளைக்காரன்கிட்ட போட்டாச்சே" என்பார்கள்.

பரணில் வழக்கமாகக் கிடைக்கிறவை: பித்தளைப் படி, உழக்கு, கூஜா, அடுக்குச் செம்பு, தவலை, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, மணைப்பலகை, முக்காலி, ஊறுகாய் ஜாடி, அரிவாள்மணை. இவற்றுக்கு இன்றைய வேலை தேடுவது கஷ்டமில்லை. படி, பேனா வைக்கவோ சமையல் மேடையில் கரண்டி வைக்கவோ ஆகும். மரத்தில் செய்த அஞ்சறைப் பெட்டி வாசல் பக்கத்தில் சாவி, சில்லறை, ரப்பர்பேண்டுக்கு. பெரிய ஊறுகாய் ஜாடியில் குடை நிற்கும், சின்ன ஜாடியில் ஊறுகாயே போடலாமே. முக்காலி, கட்டில் பக்கத்தில் புத்தகமும் தண்ணீரும் வைக்க. அரிவாள்மணையை மட்டும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அலங்காரமாக வைக்காதீர்கள்.

எனாமல் தட்டு, டிபன் கேரியர் கிடைத்தால் விளிம்பைப் பாருங்கள். எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தால் அதில் சாப்பாடு வைக்க வேண்டாம். துளசியோ மணிபிளாண்டோ வைக்கும் தொட்டியாக அதற்கு இன்னும் பல வருட ஆயுள் இருக்கிறது.

மூன்றாம் படி: நாலைந்து பெரிய பொருள், அவ்வளவுதான்

ஒரு ஹாலுக்குக் கண்ணில் படும் பெரிய பொருள் நாலைந்துக்கு மேல் வேண்டாம். செட்டிநாட்டு வளவில் இருபது தூண் நின்றும் இடம் காலியாகத் தெரிவதற்குக் காரணம், நடுவே முற்றம் திறந்து கிடப்பது. நமக்கு முற்றம் கிடையாது. சும்மா விட்ட சுவரும் தரையும்தான் நமக்கு முற்றம்.

குத்துவிளக்கு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள நாச்சியார்கோயில் இதற்குப் பேர்போன ஊர், புவிசார் குறியீடும் உண்டு. காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்ப்பார்கள். ஃபிளாட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி விளக்கு போதும். பாதம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தட்டு, மேலே அன்னம் என்று பகுதி பகுதியாகத் திருகி மாட்டுவது இது. கடையிலேயே எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். மறை நழுவினால் விளக்கு சாய்ந்து நிற்கும், எண்ணெய் ஒரு பக்கமாக வடியும். சமதரையில் வைத்து லேசாகத் தட்டினால் ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வாங்கும்போதே அடியில் வைக்க அகலமான தாம்பாளம் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

ஊஞ்சல். எல்லோருக்கும் ஆசை, ஆனால் எல்லோர் வீட்டுக்கும் ஆகாது. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலக் கனம் உள்ள தேக்குப் பலகை மட்டுமே சுமார் 35 கிலோ வரும். மூன்று பேர் உட்கார்ந்தால் 250 கிலோவை நெருங்கும், ஆடும்போது கொக்கியில் விழும் பாரம் அதைவிட அதிகம். புது வீடு கட்டுகிறவர்கள் தளம் போடும் முன்பே இன்ஜினியரிடம் சொல்லி, கம்பிக்கட்டோடு சேர்த்துக் கொக்கியை வைத்துவிட வேண்டும். கட்டி முடித்த தளத்தில் துளை போடுவதென்றால் கட்டட இன்ஜினியர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டும் பேச்சே வேண்டாம். பலகை தரையிலிருந்து 16 முதல் 18 அங்குல உயரத்தில் இருந்தால் கால் தரையில் படும். முன்னும் பின்னும் குறைந்தது 3 அடி காலி இடம் விடுங்கள். இதற்கெல்லாம் வழியில்லை என்றால் சட்டத்தோடு தரையில் நிற்கும் ஊஞ்சல் இருக்கிறது. அழகு ஒரு மாற்றுக் குறைவுதான், ஆனால் பயமில்லாமல் ஆடலாம்.

உருளி. பூ மிதக்கவிட்டு வாசலில் வைப்பது இப்போது எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தினமும் தண்ணீரை மாற்றி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ முடியும் என்றால் வையுங்கள். இல்லையென்றால் அதில் பழமோ வெங்காயமோ போட்டு வையுங்கள், அதுவும் அழகுதான்.

துணி. செலவு குறைவு, பலன் அதிகம். ஜன்னல் திரைக்கு நான் சொல்வது ஜரிகைக் கரை போட்ட நாலு முழ வேட்டி. சுமார் 2 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம் இருக்கும், வெட்டாமலே ஒரு ஜன்னலுக்கு ஒரு பக்கத் திரையாகிவிடும். கரை நீளவாக்கில் ஓடுவதால் தொங்கவிட்டதும் இரண்டு ஓரத்திலும் நேராக இறங்கும். மேலே மடித்துத் தைத்தால் கம்பி கோக்க வழி கிடைத்துவிடும். கிழிந்த கண்டாங்கி (செட்டிநாட்டுப் பருத்திப் புடவை) இருந்தால் நல்ல பகுதியை எடுத்துத் திண்டு உறை தைக்கலாம். பத்தமடைப் பாயில் தாமிரபரணிக் கரைக் கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கிழித்து நெய்கிறார்களோ, அவ்வளவுக்குத் துணி மாதிரி வழவழப்பாக இருக்கும். மெல்லிய பாய் விலை ஏறும், அதைத் தரையில் போட்டு மிதிக்க மனம் வராது. குறுகலாக நெய்ததைச் சாப்பாட்டு மேசையில் விரிக்கலாம்.

படமும் கண்ணாடியும். தஞ்சாவூர் ஓவியம் வாங்குவதானால் பெரிய ஒன்று வாங்குவதே சரி, சின்னதாக ஆறு வாங்கி வரிசை கட்டினால் நகைக்கடை போல ஆகிவிடும். ரவிவர்மா அச்சுப்படங்களும் இந்தப் பாணிக்குப் பொருந்தும். அவர் 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு வந்தார்கள். பழையது என்று சொல்லி விற்றால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. பழைய படங்கள் கல்லச்சில் (லித்தோகிராஃப்) அடித்தவை, அதில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். ஆஃப்செட் படத்தை வாங்குவதில் தவறே இல்லை, விலைதான் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும்.

நான்காம் படி: கடையில் என்ன பார்ப்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். ஒரே மாதிரி கூஜாவுக்கு மூன்று கடையில் மூன்று விலை சொல்வார்கள். டீ குடித்துவிட்டு இரண்டாம் சுற்று போங்கள்.

சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்று இருக்கட்டும். பித்தளை, செம்பு, வெண்கலம் எதிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு. பித்தளையா வெண்கலமா என்று தெரிய விரல் கணுவால் தட்டுங்கள். வெண்கலம் கணீரென்று நின்று ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். வெண்கலத்துக்கு விலை கூடுதல் என்பதால் இந்தத் தட்டுக்கு மதிப்பு உண்டு. பாத்திரத்தில் சமைக்கிற எண்ணம் இருந்தால் உள்பக்கம் ஈயம் (வெள்ளீயம்) பூசியிருக்கிறதா பாருங்கள். பூசாத பித்தளையில் புளி சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது.

மரச்சாமானை வெளிச்சத்தில் கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் ஓட்டை இருந்தால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி. பழைய ஓட்டை என்றால் பயமில்லை. தட்டும்போது வெள்ளையாகப் புதுத்தூள் கொட்டினால் பூச்சி உள்ளே இருக்கிறது, அது உங்கள் கட்டிலுக்கும் வரும். கனத்தையும் பாருங்கள், மட்ட மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றித் தேக்கு என்பது சாதாரணம். காலின் அடிப்பாகத்தில் சாயம் ஏறாத இடம் உண்மையைச் சொல்லிவிடும்.

எனாமல் விளம்பரப் பலகைகளில் போலி அதிகம். எல்லா மூலையிலும் ஒரே அளவு துரு, நடுவே மட்டும் புதுப் பளபளப்பு என்றால் யாரோ துருவேற்றியது.

இடித்த வீட்டுக் கதவு, தூண், உத்தரம் எல்லாம் விற்பனைக்கு வரும். வீட்டோடு நிற்கும்போதுதான் அவற்றுக்கு அர்த்தம் என்பது என் எண்ணம். தேவை கூடக் கூட இடிப்பதும் கூடுகிறது. நிலைக்கதவு வேண்டுமென்றால் அந்தப் பக்கத்துத் தச்சரிடம் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், அளவும் உங்கள் வாசலுக்குப் பொருந்தும்.

சட்ட விஷயமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. "பழைய கோயில் சிலை" என்று யாராவது காதில் சொன்னால் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். பஞ்சலோகம் வேண்டுமானால் சுவாமிமலையில் புதிதாக வார்த்ததை ரசீதோடு வாங்கலாம். சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ எடுத்துப் போகிறவர்கள், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொன்மைப் பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் விமான நிலையத்தில் தலைவலி இருக்காது. தந்தத்தில் செய்த எதையும், எவ்வளவு சின்னதானாலும், தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: எதை எங்கே வைப்பது

வாசலில் ஆரம்பியுங்கள். திண்ணைக்குப் பதிலாகக் குட்டையான மரப்பெஞ்சு ஒன்று, அடியில் செருப்பு, மேலே உட்கார்ந்து செருப்பு மாட்ட இடம், பக்கத்தில் குடை ஜாடி. அஞ்சறைப் பெட்டியும் இங்கேதான்.

ஹாலில் ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் சிங்காரம் செய்யுங்கள். டிவி இருக்கும் சுவராக அது இருக்க வேண்டாம், இரண்டும் சண்டை போடும். பழைய வீடுகளில் படங்களை உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, முன்பக்கம் சாய்வாக மாட்டியிருப்பார்கள். அதே போல அடியில் இரண்டு ஆணி தாங்க, மேலே கயிறு கொஞ்சம் தளர்ந்து இருக்கும்படி மாட்டினால் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிக்காது. சட்டத்துக்குப் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டுங்கள், சுவர் ஈரம் படத்துக்கு ஏறாது. குளியலறைக்கு முதுகு கொடுக்கும் சுவரில் தஞ்சாவூர் ஓவியம் கூடவே கூடாது.

கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே வைத்தால் அறை இரட்டிப்பாகத் தெரியும். என்ன பிரதிபலிக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள், சில வீட்டில் சிங்க் நிறைய பாத்திரம்தான் தெரியும்.

ஆறாம் படி: பராமரிப்பு

பித்தளையை வாரம் ஒரு முறை தேய்க்க நேரமில்லை என்றால் பூஜைச் சாமானைத் தவிர மற்றதை மங்கலாகவே விடுங்கள். கருத்த பித்தளைக்கும் ஒரு அழகு உண்டு. தேய்ப்பதானால் வரிசை முக்கியம். முதலில் பழைய துணியால் எண்ணெயைத் துடைத்து, கடலை மாவு போட்டுப் பிசுக்கை எடுத்து, அப்புறம் புளியும் உப்பும். புளியைப் பூசிவிட்டு மறந்துவிடக் கூடாது, திட்டுத் திட்டாகிவிடும். கழுவிய கையோடு துடைத்துவிட வேண்டும், உப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். கடையில் லாக்கர் பூசி விற்ற சாமானுக்குப் புளி தேவையில்லை, ஈரத்துணி போதும்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் எமன். சாதாரணத் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது வாளியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் மெருகு ஏறும். சொட்டு கூடினால் வழுக்கும்.

பிரம்பு நாற்காலியின் பின்னல் தொய்ந்தால், அடிப்பக்கத்தில் ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு நிழலில் காயவையுங்கள், தானே இறுகும். கோரைப்பாயை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மழைக்காலத்தில் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்தின் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி. உள்ளே பூச்சி அல்லது பூஞ்சை தெரிந்தால் நீங்களே பிரிக்காமல், வரைந்தவரிடமோ தெரிந்த ஓவியரிடமோ கொண்டுபோங்கள். பழைய கண்ணாடிக்கு ஸ்பிரேயை நேரே அடிக்காதீர்கள். திரவம் ஓரத்தில் இறங்கி ரசத்தைத் தின்னும். துணியில் அடித்துத் துடையுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட கறுப்புப் புள்ளிகளுக்காகப் புது ரசம் பூசக் கொடுக்க வேண்டாம். முகம் பார்க்கப் புதுக் கண்ணாடி ஒன்று குளியலறையில் இருக்கட்டும். ஊஞ்சல் கொக்கியையும் சங்கிலி வளையங்களையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள். வளையம் தேய்ந்து மெலிந்திருந்தால் அன்றே பலகையை இறக்கிவிடுங்கள்.